காட்டு ரோஜாவின் விதை



ரோஜா வளர்க்க விரும்புவோர் ஒட்டுச் செடி வாங்குவர். அல்லது அண்டை வீட்டாரிடம் ஒரு குச்சியைக் கேட்டு வாங்கி நடுவர். ரோஜாவுக்கும் விதை உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்விதையைப் பற்றியும், அதன் பொருட்டு நான் செய்த பிழையொன்றைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக் காடுகளின் ஓரங்களில் காட்டு ரோஜா ஒன்று படர்ந்து வளர்கிறது. அதன் பூ வெண்மையானது, இதழ்கள் ஐந்தே. 1816ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவர அறிஞர் லெஷனோவின் பெயரை அதன் அறிவியற் பெயர் தாங்கி நிற்கிறது.

நான் இளம் ஆசிரியனாக நீலகிரியில் பணியாற்றிய காலத்தில், தோட்டமொன்றின் வேலியிலிருந்து அதன் பழங்களைப் பறித்து வந்து, மாணவர்களைக் கொண்டு விதைக்கச் செய்தேன். நான்கு திங்கள் கடந்தும் முளை தோன்றவில்லை. "விதை செத்துவிட்டது, தொட்டியைக் கொட்டிவிடுங்கள்" என்றேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே, ஐயா" என்றான். எதையும் மெல்லக் கற்பவன் அவன். அவன் பெயருக்கு நேரே என் ஏட்டில் "முன்னேற்றம் இல்லை" என்று எழுதியிருந்தேன். அவன் சொல்லை நான் பொருட்படுத்தவில்லை. அவனோ அத்தொட்டியைத் தன் வீட்டிற்குத் தூக்கிச் சென்றான்.

மறு ஆண்டு அதே தொட்டியுடன் வந்து நின்றான். அதில் மூன்று நாற்றுகள் இருந்தன. "இவை ரோஜாதானா, ஐயா?" என்று கேட்டான். இலை விளிம்பின் சிறு பற்களைக் கண்டேன். ரோஜாவேதான். அன்று மாலை என் ஏட்டிலிருந்த அச்சொற்களை அடித்துவிட்டேன்.

அவ்விதை ஏன் அத்துணை நாள் உறங்கியது? ரோஜாப் பழத்தின் சதை உண்மையில் பூத்தளம் பருத்து உண்டானது. அதனுள் நாம் விதையென்று கருதும் ஒவ்வொன்றும் ஒரு தனிக் கனியே. அதன் ஓடு மிகக் கடினம். அன்றியும், முளைப்பதைத் தடுக்கும் அப்சிசிக் அமிலம் என்னும் பொருளும் அதில் உண்டு. ஈரமும் குளிரும் நெடுநாள் சேர்ந்திருந்தால்தான் இத்தடை தளரும். குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் விழும் விதை உடனே முளைத்தால், இளநாற்று உறைபனியில் மடியும். ஆகவே வசந்தம் வரை காத்திருக்கிறது. ஐரோப்பாவின் நாய் ரோஜா பெரும்பாலும் இரண்டு குளிர்காலங்களைக் கடந்த பின்னரே முளைக்கும்.

நீங்களும் முயன்று பார்க்கலாம். நன்கு பழுத்த பழத்தைப் பிளந்து விதைகளை எடுங்கள். உள்ளிருக்கும் நுண்ணிய மயிர் தோலில் பட்டால் அரிக்கும், கவனம் தேவை. விதைகளைக் கழுவி நீரிலிடுங்கள். மிதப்பவை பெரும்பாலும் பதர். அமிழ்பவற்றை ஈரமணலில் கலந்து, குளிர்பதனப் பெட்டியில் பனி உறையாத தட்டில் மூன்று திங்கள் வையுங்கள். பின்னர் அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். மண் காயவும் கூடாது. நீர் தேங்கவும் கூடாது.

காப்புக் காடுகளில் அனுமதியின்றிப் பழம் பறித்தல் தகாது. சமவெளியில் வாழ்வோர் தோட்டத்து ரோஜாவின் பழத்தைக் கொண்டே முயலலாம். குச்சியில் வளரும் செடி தாய்ச்செடியின் படியே. தோட்டத்துக் கலப்பின ரோஜாவின் விதையில் வருவதோ தாயைப்போல் இராது. என்ன நிறத்தில் பூக்கும் என்பதைப் பூத்த பின்னரே அறியலாம்.

விதைத்த நாளைத் தொட்டியின்மேல் எழுதி வையுங்கள். ஓராண்டு நிறையுமுன் எவர் சொன்னாலும் அதைக் கொட்டிவிடாதீர்கள். சொல்பவர் உங்கள் ஆசிரியரேயாயினும் சரி.