ஐம்பது மீட்டர், நான்கு புள்ளி

செல்போனில் எடுத்த படங்களைச் சேர்த்து ஒரே பிடிஎஃப் கோப்பாக்குவது எப்படி என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அச்சிடும் பொத்தானை அழுத்த வேண்டும், அச்சு இயந்திரத்துக்குப் பதிலாக ‘பிடிஎஃப் ஆகச் சேமி’ என்று கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்கு ஒரு வானொலி உரை தேவையில்லை. ஆனால் அப்படிச் செய்த கோப்பு எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. பிடிஎஃப் ஆக்கிவிட்டாலே அது ஆவணம் ஆகிவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நினைப்பு தவறு என்பதுதான் என் வாதம். அதைக் காட்டுவதற்கு வடசென்னையின் எண்ணூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. அங்கே ஒரு கழிமுகத்தின் கதியே வரைபடக் காகிதங்களின் மேல் நிற்கிறது.

முதலில் பிடிஎஃப் என்ன செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அடோபி நிறுவனத்தின் ஜான் வார்னாக் 1991இல் முன்வைத்த யோசனை இது. ஒரு கணினியில் உருவாக்கிய பக்கம் வேறு எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த இயந்திரத்தில் அச்சிட்டாலும் அதே பக்கமாகவே தெரிய வேண்டும் என்றார் அவர். 1993இல் வெளிவந்தது, 2008இல் பொதுவான உலகத் தரமானது. இதில் பக்கத்தின் அளவு நிலையாக இருக்கும். எழுத்தும் கோடும் படமும் அதனதன் இடத்தில் நிற்கும். நாம் ஒரு ஜேபெக் படத்தை உள்ளே போட்டால், நல்ல மென்பொருளாக இருந்தால் அந்தப் படத்தின் தரவை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும்; ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல்கூடக் கூடாது, குறையாது. மோசமான மென்பொருளாக இருந்தால் கேட்காமலேயே மறுபடி சுருக்கிவிடும். இரண்டிலும் படம் தெளிவாவதற்கு வழியே இல்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீனை ஐஸ் பெட்டியில் போடுகிறார்களே, அதுபோலத்தான். போகும்போது மீன் எப்படி இருந்ததோ அதைத்தான் பெட்டி காப்பாற்றும். கெட்டுப்போனதைப் பெட்டி நல்லதாக்காது.

இப்போது எண்ணூருக்கு வருவோம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் அது. பக்கிங்காம் கால்வாயும் பழவேற்காட்டுப் பக்கத்து உவர்நீரும் அங்கே கலக்கின்றன. முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று ஆற்றை நம்பிய ஊர்கள் ஒருபுறம். அனல்மின் நிலையங்கள், சாம்பல் குளம், காமராஜர் துறைமுகம் என்று மறுபுறம். தமிழ்நாட்டின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்துக்கு ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1996இல் ஒப்புதல் கொடுத்தது. அந்தத் திட்டத்தின் வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகமும் அதைச் சுற்றிய ஈரநிலமும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருக்கின்றன. பின்னால் மாநில அரசுத் தரப்பில் காட்டப்பட்ட வேறொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தையே காணோம் என்று மீனவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் 2017இல் குற்றம் சாட்டினார்கள். எந்த வரைபடம் செல்லும் என்பது பெரிய விவாதமானது. அதன்பிறகு, கடலோர ஒழுங்குமுறை மண்டலம் குறித்த 2019ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி புதிய வரைவு வரைபடங்கள் தயாராகி மக்கள் பார்வைக்கு வந்தபோது, 2023இல், மீனவக் கிராமங்களும் மீன்பிடி இடங்களும் விடுபட்டுவிட்டன என்று கடற்கரை முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. இந்தச் சண்டைகள் எல்லாவற்றிலும் மக்கள் கையில் இருந்தது என்ன? பெரிய தாள் ஒன்றின் படம். யாரோ ஸ்கேன் செய்தது, அல்லது யாரோ செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், நேயர்களே. பயப்பட வேண்டாம், வகுத்தலும் பெருக்கலும்தான். இந்த மேலாண்மைத் திட்ட வரைபடங்களுக்கு விதித்திருக்கும் அளவுகோல் 1:25,000. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். 2019 அறிவிக்கையில் ஓதம் ஏறி இறங்கும் ஆற்றோரத்துக்கும் கழிமுகத்துக்கும் கிடைக்கும் பாதுகாப்பு, உயர் ஓதக் கோட்டிலிருந்து 50 மீட்டர், அல்லது அந்த நீர்நிலையின் அகலம், எது குறைவோ அது. ஐம்பது மீட்டர் என்றால் தாளில் இரண்டு மில்லிமீட்டர். ஒரு பென்சில் முனையின் தடிமனுக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தாள் ஏ1 அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது நீளம் 841 மில்லிமீட்டர். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் ஏறத்தாழ 1,600 புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது. 1,600ஐ 841ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு புள்ளிகூடத் தேறவில்லை. ஒரு புள்ளி என்பது தரையில் 13 மீட்டர். சட்டம் கொடுக்கும் ஐம்பது மீட்டர் முழுவதும் நான்கே புள்ளிகளுக்குள் அடங்கிவிடுகிறது. அதோடு முடியவில்லை. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாகத்தான் சுருக்குகிறது. அழுத்திச் சுருக்கும்போது ஒரு கட்டத்துக்குள் இருக்கும் மெல்லிய கோடுகள் மங்கிப் பக்கத்து நிறத்தோடு கரையும். எட்டுப் புள்ளி என்றால் தரையில் நூறு மீட்டருக்கு மேல். ஆக, ஒரு கரையின் பாதுகாப்பு மண்டலம் முழுவதும், அதற்கு அப்பால் இருக்கும் தொழிற்சாலை நிலமும் சேர்ந்து, ஒரே கட்டத்துக்குள் குழம்பிப் போகலாம். அந்தப் படத்தை எத்தனை அழகான பிடிஎஃப் ஆக்கினாலும் என்ன? ‘இந்த இடம் மண்டலத்துக்குள் வருகிறது’ என்று அதை நீட்டி யாரிடமும் வாதாட முடியாது. அதே தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் ஒரு புள்ளி இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஐம்பது மீட்டருக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு புள்ளிகள். கோடு கோடாகத் தெரியும். உள்ளூர் அளவில் 1:4,000 வரைபடம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் ஐம்பது மீட்டர் பன்னிரண்டரை மில்லிமீட்டர்.

வரைபடத்தை விட்டு நகர மனம் வரவில்லை, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிடிஎஃப் ஆக்கும் பல ஆப்கள் பக்க அளவு கேட்கும். பெரும்பாலும் ஏ4 என்று ஏற்கெனவே குறித்திருக்கும். நாமும் சரி என்று அழுத்திவிடுவோம். ஏ1 தாள் ஏ4க்குள் போக வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்க வேண்டும். மூலையில் 1:25,000 என்று அச்சிட்டது அப்படியே இருக்கும்; ஆனால் பக்கத்தின் உண்மையான அளவுகோல் ஏறத்தாழ 1:70,000 ஆகியிருக்கும். அதை அச்சிட்டு அடிக்கோலை வைத்து அளந்தால் ஐம்பது மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நூற்று நாற்பது மீட்டர் இருக்கும். தாளிலேயே வரைந்திருக்கும் அளவுக்கோடு மட்டும்தான் பொய் சொல்லாது, ஏனென்றால் அதுவும் படத்தோடு சேர்ந்து சுருங்குகிறது. நாமோ, ஆறு இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறேன் என்று அந்த அளவுக்கோட்டையும், நிறங்களின் விளக்கத்தையும், தாள் எண்ணையும், ஒப்புதல் முத்திரையையும் வெளியே தள்ளிவிடுகிறோம். 1996 வரைபடமா, அதன்பின் வந்ததா என்பதே வழக்காக இருக்கும் ஊரில் தாள் எண் இல்லாத படத்துக்கு என்ன மதிப்பு?

வரைபடத்துக்குச் சொன்னது புகைப்படத்துக்கும் பொருந்தும், இன்னும் கடுமையாகவே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கெடுத்தது. படகிலும் வலையிலும் கரையிலும் ஒட்டிய எண்ணெயைப் படம் எடுத்தவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட படத்தின் உயிர் எங்கே இருக்கிறது? எண்ணெய்க் கறை எந்தத் தேதியில், எந்த இடத்தில் இருந்தது என்பதில்தான். செல்போன் எடுக்கும் மூலப் படத்துக்குள் எடுத்த நேரமும், இருப்பிட வசதி திறந்திருந்தால் இடமும் தாமாகவே பதிவாகின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தப் பதிவுகள் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் நிற்கும். பல ஸ்கேன் ஆப்கள் பிடிஎஃப் ஆக்கும்போதும் அவற்றை உதறிவிடுகின்றன. சட்டமும் இந்தத் திசையில்தான் பார்க்கிறது. மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, அந்தச் சான்றிதழில் கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பையும் எழுதச் சொல்கிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஓர் எண்ணெழுத்துத் தொடர் அது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் தொடர் முழுக்க மாறிவிடும். மனுவோடு பிடிஎஃப் கொடுங்கள், தாராளமாக. மூலப் படத்தை மட்டும் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிலர் சொல்வார்கள்: அரசு இணையதளத்தில் இரண்டு எம்பிக்கு மேல் ஏற்றவே விடமாட்டான், நீங்கள் முந்நூறு புள்ளி பேசுகிறீர்களே என்று. நியாயமான கேள்வி. அதற்கு எல்லாப் பக்கத்தையும் ஒரே மாதிரி நசுக்குவது விடையாகாது. மனுவின் எழுத்துப் பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் வைத்தால் கோப்பு வெகுவாகக் குறையும். அதனால் மிச்சமாகும் இடத்தை வரைபடத்துக்கும் புகைப்படத்துக்கும் கொடுக்கலாம். முழுத் தாளைக் குறைந்த தெளிவில் ஒரு பக்கமாகவும், சம்பந்தப்பட்ட ஆற்றுப் பகுதியை முழுத் தெளிவில் அடுத்த பக்கமாகவும் வைக்கலாம். தேவைப்பட்டால் கோப்பை இரண்டாகப் பிரிக்கலாம். ஏ4 காகிதம் என்றால் ஸ்கேனரே தேவையில்லை. பன்னிரண்டு மெகாபிக்சல் செல்போனில் காகிதம் திரை முழுவதும் நிறையும்படி, நிழல் விழாமல், நேராகப் பிடித்து எடுத்தால் அங்குலத்துக்கு 300 புள்ளிகளைத் தாண்டிவிடும்.

பிடிஎஃப்பை யாரும் மாற்ற முடியாது, அதனால்தான் அதைக் கேட்கிறார்கள் என்று இன்னொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மாற்றலாம், எளிதாகவே. பக்கத்தை எடுக்கலாம், படத்தைப் பிடுங்கி வேறு படம் வைக்கலாம். மாற்றியது தெரிய வேண்டுமானால் மின் கையொப்பமோ, முன்பு சொன்ன ஹாஷ் மதிப்போ வேண்டும். பிடிஎஃப் என்ற பெயர் மட்டும் எந்தக் காவலும் அல்ல.

கனமான ஆட்சேபம் இனிமேல்தான். கடலுக்குப் போய்வரும் மனிதர் புள்ளிக் கணக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா, தெளிவான வரைபடம் கொடுப்பது அரசின் வேலை அல்லவா என்று கேட்டால், என்னிடம் மறுப்பு இல்லை. அரசின் வேலைதான். இன்று தயாராகும் வரைபடங்கள் கணினியில்தான் உருவாகின்றன. அவற்றைக் கோடுகள் கோடுகளாகவே இருக்கும் பிடிஎஃப் ஆக வெளியிட்டால் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. ஊர்ப்பெயர்களை ஒருங்குறி எழுத்தில் வைத்தால் ‘காட்டுக்குப்பம்’ என்று தட்டித் தேடலாம். பார்வையற்றவரின் கணினியும் அதை வாசித்துக் காட்டும். நீதிமன்ற மின்தாக்கல் விதிகளே தேடக்கூடிய பிடிஎஃப் வேண்டும் என்று வழக்கறிஞர்களிடம் கேட்கின்றன. அப்படியிருக்க, அச்சிட்டு, கையெழுத்திட்டு, மறுபடி ஸ்கேன் செய்த மங்கல் படத்தை அரசு அலுவலகம் மக்களிடம் கொடுப்பதற்கு நியாயம் கிடையாது. கையெழுத்துப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து முன்னால் சேர்த்தால் போதாதா? ஆனால் அலுவலகம் திருந்தும்வரை காத்திருக்க எண்ணூருக்கு அவகாசம் இல்லை. ஒரு திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடத்த, 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கேட்கும் முன்னறிவிப்பு குறைந்தது முப்பது நாள். அந்த முப்பது நாளுக்குள் படித்து, பார்த்து, எழுதி, சான்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். 2024 டிசம்பரில்கூட அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்காக எர்ணாவூரில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அடுத்ததும் வரும்.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப் போகிறது. தமிழ் எழுத்துகளைப் படத்திலிருந்து பிரித்தெடுக்கும் மென்பொருள்கள், ஆண்டுக்கணக்கில் பாதுகாக்கவென்றே 2005இல் வந்த பிடிஎஃப் வகை, இவையெல்லாம் பேச வேண்டியவைதான். இன்னொரு நாள் பார்ப்போம். அடுத்த வரைவு வரைபடம் வெளியாகும்போது கணினியில் உருவாக்கிய மூலக் கோப்பையே தரும்படி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பழைய காகித வரைபடம்தான் இருக்கிறது என்றால், நான்கு ஓரமும் தெரிய, அளவுக்கோட்டோடும் முத்திரையோடும், முழு அளவில், 300 புள்ளியில் ஸ்கேன் செய்து தரும்படி எழுதிக் கேளுங்கள். மின்னணு வடிவில் கேட்டுப் பெற அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மனுவுக்குப் பத்து ரூபாய்தான்.