கைக்குள் பேசிய ஆசிரியை

பார்வையும் கேள்வியும் இழந்த 6 வயதுச் சிறுமி ஹெலன் கெல்லருக்குக் கற்பிக்க, 1887ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்கு வந்தார் ஆன் சலிவன். 20 வயதினரான அவரும் பார்வை குன்றியவரே.

சொற்களின் எழுத்துக்களைச் சிறுமியின் உள்ளங்கையில் விரல்களால் உணர்த்தினார். ஏப்ரல் 5ஆம் நாள், ஒரு கையில் நீர் பாய, மறு கையில் ‘நீர்’ என்னுஞ் சொல் உணர்த்தப்பட்டபோது, பொருள்களுக்குப் பெயருண்டு என்பது ஹெலனுக்கு விளங்கிற்று.

உலகம் போற்றுவது அந்நிகழ்ச்சியை. ஆசிரியையின் திறமோ அதன்பின் அவர் செய்ததில் விளங்குகின்றது. 15 மாதக் குழந்தையொன்று, தான் பேசுமுன்னரே பிறர் பேச்சை விளங்கிக்கொள்வதை அவர் கண்டார். உடனே, நேரம் வகுத்துப் பாடம் நடத்துவதைக் கைவிட்டார். குழந்தையின் காதிற் பேசுவதுபோல் ஹெலனின் கைக்குள் முழு வாக்கியங்களாற் பேசலானார். 1904இல் ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியிற் பட்டம் பெற்றார்.

குழந்தை கற்கும் வழியை முதலிற் கற்றுக்கொள்பவரே விசேட கல்வியிற் சிறந்த ஆசிரியராவார்.