வாயில் முதலில், கணக்கு பிறகு

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். சிராங்கூன் சாலைக் கூட்டமெல்லாம் காய்கறிப் பைகளோடு அந்தச் சில வாயில்களுக்குள் நுழையப் பார்க்கும். அட்டையைத் தட்டியதும் கதவு திறக்கவேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பின்னால் வருபவர் முதுகில் முட்டுவார்!

2002ல் வந்த ஈசி-லிங்க் அட்டையில் பணக்கணக்கு அட்டைக்குள்ளேயே இருந்தது. மீதித் தொகை உடனே திரையில் தெரியும். 2019ல் வந்த சிம்ப்ளிகோ முறையில் கணக்கு எங்கோ ஒரு கணினியில். பெரியவர்களுக்கான பழைய அட்டைகள் ஜூன் 1 முதல் செல்லாது என்று 2024 ஜனவரி 9ஆம் தேதி அறிவித்தார்கள். “மீதி எவ்வளவென்று வாயிலில் தெரியவில்லையே” என்று மக்கள் குறைபட்டார்கள். காட்டலாம், ஆனால் கூடுதலாகச் சில வினாடிகள் ஆகும் என்பது அதிகாரிகள் தந்த விளக்கம். 22ஆம் தேதி அமைச்சர் சீ ஹொங் டாட் முடிவை மாற்றினார். பழைய முறையை நீட்டிக்கக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி. சில வினாடிகளின் விலையைப் பாருங்கள்!

இப்படி வரும் தகவல்களை வரிசையில் நிறுத்திக் கணக்குக்கு அனுப்பும் மென்பொருளை ‘மெசேஜ் கியூ’ என்கிறார்கள். வந்ததை நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு “கிடைத்தது” என்று பதில் சொன்னால் மின்னல் வேகம்தான். மின்சாரம் போனால் தகவலும் போச்சு. வட்டில் எழுதி, வேறு இரண்டு கணினிகளிலும் நகல் வைத்தபிறகே பதில் என்றால் பத்திரம், ஆனால் காத்திருக்க வேண்டும். லிங்க்ட்இன் உருவாக்கி 2011ல் பொதுவில் விட்ட ‘காஃப்கா’வில் முடிவு பயன்படுத்துவோர் கையில். பதிலே வேண்டாம் எனலாம், ஒரு கணினி பெற்றால் போதும் எனலாம், நகல்கள் எல்லாம் சேரவேண்டும் எனலாம்.

நடுவழியும் உண்டு. நூறு தகவல் சேர்ந்ததும் ஒரே மூச்சில் வட்டில் எழுதி, நூறு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்வது. முதலில் வந்தவர் சற்றுக் காத்திருப்பார், அவ்வளவுதான்.

ரயில் கட்டணம் ஒன்றிரண்டு வெள்ளி. வேகத்துக்காகக் கொஞ்சம் துணியலாம். ஊருக்கு அனுப்பும் பணத்தில் அது ஆகுமா? 2023 பிப்ரவரி 21ல் இங்குள்ள பேநவ், இந்தியாவின் யுபிஐயோடு இணைந்தது. ஓர் ஊழியர் வீட்டுக்கு 200 வெள்ளி அனுப்புகிறார். “கிடைத்தது” என்ற பதில் வழியில் தொலைந்தால், கணினி அதே தகவலை மறுபடி அனுப்பும். இரண்டு முறை பணம் கழிந்தால் அவர் யாரிடம் போவார்? அதனால்தான் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஓர் எண் தருகிறார்கள். ஏற்கெனவே வந்த எண் என்றால் கணினி ஒதுக்கிவிடும். பணம் அனுப்பியதும் வரும் அந்த நீளமான எண்ணை அழித்துவிடாதீர்கள். புகார் என்று போனால் முதலில் கேட்பது அதைத்தான்.