சாணையின் ஓசை



தெருவில் சாணை பிடிப்பவரை நீங்கள் கண்டிருக்கலாம். மிதியை மிதித்துக் கல்லைச் சுழற்றுவார். கத்தியை அதன்மேல் சாய்த்துப் பிடிப்பார். கண் தீப்பொறியின் மேல் இருக்கும். செவி ஓசையின் மேல் இருக்கும். ஓசை சற்றே கீச்சிட்டால் கையைத் தளர்த்துவார். ஏன் என்று ஒருமுறை வினவினேன். "இரும்பு கருகிவிடும் ஐயா, பிறகு முனை நிற்காது" என்றார். உலோகவியலார் கூறுவதும் ஏறக்குறைய அதுவே.

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குச் செல்வோர் அதன் அண்டையில் ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்பேட்டைகளைக் காண்பர். ஒரகடத்தில் 2010இல் காரும், 2012இல் கனரக வண்டியும் செய்யும் பெரிய ஆலைகள் திறக்கப்பட்டன. வண்டிகளுக்கு வேண்டிய சுழல்தண்டுகளும் உருளைத் தாங்கிகளும் சாணைக்கல்லில் தீட்டப்பட்டே இறுதி அளவை எய்துகின்றன. மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால், அவற்றுள் சில கூறுகளே அங்கே பிழைக்கு இடம்.

ஆனால் அளவு சரியாயிருந்தால் மட்டும் போதாது. கல்லின் மணிகள் மழுங்கிவிட்டால் அவை வெட்டுவதை விட்டு உரசத் தொடங்கும். அந்த வெப்பத்தில் கடினமாக்கிய எஃகின் மேற்பரப்பு இளகி வலுவிழக்கும். வெப்பம் சுமார் 727 டிகிரியைத் தாண்டிவிட்டால், மேலே பாயும் குளிர்நீர்மம் அதே பரப்பைத் திடீரெனக் குளிர்வித்து நொறுங்கும் தன்மையதாக்கும். கருகிய நிறமோ கடைசித் தீட்டலில் மறைந்துவிடக்கூடும். காயம் உள்ளே தங்க, தண்டு பளபளவென்று வண்டிக்குள் போய்விடும். பின்னொரு நாள் நெடுஞ்சாலையில் அது விரிசலாக வெளிப்படலாம்.

அமிலத்தில் தோய்த்துப் பார்த்தால் குற்றம் தெரியும். எனினும் ஆயிரக்கணக்கானவற்றுள் எத்தனையைத் தோய்ப்பது? ஆகவே எந்திரத்துக்கே செவி பொருத்தினர். அழுத்தினால் மின்னேற்றம் காட்டும் படிகங்களின் இயல்பை 1880இல் பிரான்சு நாட்டுக் கியூரி உடன்பிறந்தார் கண்டறிந்தனர். அவ்வியல்புடைய சிறு உணரியை எந்திரத்தில் பதிக்கின்றனர். நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். உணரியோ 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளைக் கேட்கும். கல் பொருளைத் தொட்ட கணத்தையும், மழுங்கத் தொடங்கியதையும் அது அறிவிக்கும். மோட்டார் இழுக்கும் மின்திறனையும் உடன் அளந்தால் ஐயம் குறையும். எல்லை மீறினால் எந்திரம் தானே நிற்கும். வைர முனையால் கல் மீண்டும் கூராக்கப்படும்.

அந்த எல்லை எது? கல், நீர்மம், எஃகு ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் ஓசை மாறும். ஆதலால் முதலில் மனிதரே சில பொருள்களை வேண்டுமென்றே கருகவிட்டு, அப்போது எழுந்த ஓசையைப் பதிந்து கருவிக்குக் கற்பிக்கின்றனர். நன்மாணாக்கன் விடையை மட்டும் காட்டி எவரும் தேர்வாளரை உருவாக்க இயலாதல்லவா? அப்படிக் கருகவிட்ட வளையம் ஒன்றை என் பழைய மாணவர் எனக்குக் காட்டினார். ஒரு பாதி கண்ணாடிபோல் மின்னியது. அமிலத்தில் தோய்ந்த மறுபாதியில் கரும்பட்டைகள் வரிவரியாக இருந்தன.