மாலகாவின் இரவு

தென் ஸ்பெயினின் துறைமுக நகரான மாலகாவில், ஆனி மாதத்து ஞாயிறு மறைய இரவு ஒன்பதரை மணிக்கும் மேலாகும். நேயர்கள் வியக்கலாம், விந்தை கதிரவனுடையதன்று, கடிகாரத்தினுடையது. 1940ஆம் ஆண்டில் பிராங்கோவின் அரசு நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்தள்ளி ஜேர்மனியின் நேரத்தோடு இணைத்தது. அது பின்னர் திருப்பி வைக்கப்படவேயில்லை. கோடையில் இன்னுமொரு மணி கூடுகிறது. ஆகவே பத்து மணிக்குத்தான் இராப்போசனம்.

பெத்ரெகலேகோ கடற்கரையில், மணல் நிரப்பிய படகுகளிலே விறகுத் தீ மூட்டிச் சாளை மீன்களைக் குச்சியிற் கோத்துச் சுடுகின்றனர். அந்த மணமே பாதி விருந்து! நள்ளிரவிலும் பாட்டன்மாரும் பேரப்பிள்ளைகளும் அங்கே உலாவுவர்.

பழைய நகரின் ஒடுங்கிய தெருக்களில், மதுச்சாலைகளுக்கு மேல்மாடியில் வாழ்வோர் நிலை வேறு. விடிந்தால் வேலைக்குச் செல்லவேண்டியவர்கள், புழுக்கத்தையும் பொறுத்துச் சாளரங்களை அடைத்துக்கொண்டு படுக்கின்றனர், நகரசபையிடம் முறையிடுகின்றனர். கீழே பாட்டும் சிரிப்பும் ஓய்வதில்லை.