காடு திருத்திய கதைகளும் வகுப்பறையும்



இன்று தேவதானத்தில் நம்மைக் கூட்டியிருக்கும் இந்த அறக்கட்டளையை நிறுவிய ஆசிரியர் தம் பெயர் எந்த அழைப்பிதழிலும் வரக்கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பெயரைச் சொல்லாமல் அவரை நினைவுகூர்வது எனக்குச் சிரமமில்லை. அவருடைய தகரப்பெட்டியைச் சொன்னாலே போதும், அவரிடம் படித்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். பெட்டிக்குள் தேய்ந்துபோன கொழு ஒன்று, கமலைக் கூனையின் தும்பித் தோல் ஒரு துண்டு, ஒரு சாண் வடம், சோளக்கதிர் ஒன்று. பாடம் தொடங்கும் முன் ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைப்பார். அது என்னவென்று சொல்லமாட்டார். அன்றைய கதை முடிவதற்குள் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நான் அவரைப்போல ஆசிரியராக இருக்கவில்லை. பல ஆண்டுகள் அருஞ்சொற்பொருள் எழுதிப்போட்டே காலத்தை ஓட்டினேன். கரும்பலகையின் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். 'கலிங்கு: மிகுநீர் வெளியேறும் வழி' என்று எழுதுவேன், பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஒரு ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் பெருகி மறுகால் பாய்ந்தது. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. என் வகுப்புப் பையன் ஒருவன் கலிங்கின் மேலேயே நின்றுகொண்டு, "சார், இந்தச் செவருக்குப் பேரு என்ன?" என்று கேட்டான். முந்தின வாரம்தான் அந்தச் சொல்லுக்கு இரண்டு மதிப்பெண் வாங்கியிருந்தான். தோற்றது பையன் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சொல் ஏன் ஒட்டவில்லை? அதற்கு என் கரும்பலகையில் ஒரு வேலையும் இல்லை. வேலையில்லாத சொல்லை மனம் வைத்துக்கொள்வதில்லை. அப்படியானால் எல்லாச் சொல்லுக்கும் வேலை இருக்கிற கதை எது? என் அனுபவத்தில் ஒரே ஒரு வகைதான்: ஒன்றுமில்லாத இடத்துக்கு வந்து, காடு திருத்தி, குடி அமர்த்திய மனிதர்களின் கதை. நகரத்துக் கதையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அங்கே ஒரே சொல்தான் பிழைக்கும். குடியேறியவன் கதையில் தண்ணீர் கிடைக்க ஊற்றுப் பார்க்கவேண்டும், கிணறு வெட்டவேண்டும், கமலை கட்டவேண்டும், வாய்க்கால் இழுக்கவேண்டும். ஒவ்வொன்றும் முதன்முதலாகச் செய்யப்படுவதால் ஒவ்வொன்றின் பெயரும் அதனதன் நேரத்தில் வந்து நிற்கிறது. வினையும் கூடவே வருகிறது. ஏன் அது வேண்டும் என்ற காரணமும் வருகிறது.

அமெரிக்கக் குழந்தைகளுக்கு இதைச் செய்தவர் லாரா இங்கல்ஸ் வைல்டர். 1862இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: புல்வெளியில் குடியிருந்து ஐந்து ஆண்டு பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். அந்தக் காலத்தில் மாட்டுவண்டியிலும் குதிரைவண்டியிலும் மேற்கே போன குடும்பங்களில் ஒன்று அவருடையது. 1932இல் தொடங்கி அவர் எழுதிய கதைகளை வைத்துக்கொண்டு அங்கே தலைமுறை தலைமுறையாக வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1935இல் வந்த 'புல்வெளியில் சிறுவீடு' கதையில் ஒரு கிணறு வெட்டும் அத்தியாயம் வருகிறது. அப்பா ஒவ்வொரு காலையும் கிணற்றுக்குள் மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி இறக்குவார். அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். கூட வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், இதெல்லாம் வீண்பயம் என்று ஒருநாள் விளக்கு இறக்காமல் இறங்கிவிடுகிறார். கீழே மயங்கி விழுகிறார்.

இந்த அத்தியாயத்தை நான் தமிழில் சொன்னபோது ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "எங்க தாத்தா அரிக்கேன் வெளக்க எறக்குவாரு சார்" என்றது. அவ்வளவுதான், அன்றைக்கு வகுப்பு என் கையில் இல்லை. தூர்வாருதல், விசவாயு, உறை, ஊற்றுக்கண், தோண்டி, கப்பி என்று பிள்ளைகள் வாயிலிருந்து சொற்கள் கொட்டின. நான் ஒன்றைக்கூடப் பலகையில் எழுதவில்லை.

ஆனால் இவ்வளவு தூரம் போவானேன் என்று அந்தத் தகரப்பெட்டி ஆசிரியர் கேட்டிருப்பார். நியாயம்தான். நமக்கே அப்படி ஒரு கதை இருக்கிறது, பக்கத்திலேயே இருக்கிறது. தேவதானத்திலிருந்து கிழக்கே போகப் போக மலையடிவாரத்து நஞ்சையும் தென்னந்தோப்பும் பின்னால் நின்றுவிடும், மண் கறுக்கும். அந்தக் கரிசலில், கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலில், 1923இல் இரண்டு பேர் பிறந்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி. மற்றவர் கி. ராஜநாராயணன். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டதாகவும் சொல்லிச் சிரித்த கி.ரா., பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியரானார். பள்ளிக்கூடத்தை நம்பிப் பிழைத்த எங்களைப் போன்றவர்கள் இதை அடிக்கடி நினைத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.

அவருடைய 'கோபல்ல கிராமம்' 1976இல் வெளிவந்தது. ஆந்திர நாட்டில், ஆட்சியில் இருப்பவனின் கண் ஒரு பெண்மேல் விழுகிறது. அவளைக் காப்பாற்றக் குடும்பம் குடும்பமாகத் தெற்கே ஓடிவருகிறார்கள். வந்து சேர்ந்த இடமோ காடு. அதைத் தீயிட்டு எரித்து, வேர் பறித்து, நிலமாக்கி, ஊராக்குகிறார்கள். நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு என்ற பூட்டி இதையெல்லாம் சொல்கிறாள். பூட்டி சொல்கிறாள் என்பதைக் கவனியுங்கள். படிக்கிற பிள்ளைக்கு இது எழுத்து என்பதே மறந்துபோகும்; காதில் விழுகிற மாதிரி இருக்கும். எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளையைக்கூட இழுத்துக்கொண்டு போவது அந்தக் குரல்தான். அந்த மக்கள் மேலும் நடந்துவந்த கதை 'கோபல்லபுரத்து மக்கள்' ஆயிற்று. அதற்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

அந்தக் கதைகளில் எனக்குப் பிடித்தவை சின்னச் சொற்கள். 'சம்சாரி' என்றால் அகராதி குடும்பஸ்தன் என்னும். கரிசலில் சம்சாரி என்றால் விவசாயி. குடும்பம் என்பதும் வெள்ளாமை என்பதும் ஒரே சொல்லுக்குள் போய்விட்ட ஊர் இது. இதைப் பிள்ளையிடம் சொல்லி, "ஏன் அப்படி ஆச்சு?" என்று கேட்டுப்பாருங்கள், பத்து நிமிடம் பேசும். 'கால்' என்ற சொல்லை எடுங்கள். வாய்க்கால், மறுகால், ஏர்க்கால், பந்தக்கால், அரைக்கால், முக்கால். நடப்பது கால், ஓடும் நீர் கால், நட்டுவைத்த கம்பு கால், நாலில் ஒரு பங்கும் கால். ஒரு கிணறும் ஒரு உழவும் வருகிற ஒரே கதைக்குள் இத்தனை காலும் வந்துவிடும். தும்பியும் அப்படித்தான். கமலையில் மாடு கட்டி நீர் இறைக்கும் கூனையின் அடியில் தொங்கும் தோல்குழாய் தும்பி. வால்கயிற்றை இழுத்தால் அதன் வாய் திறந்து தொட்டியில் தண்ணீர் கொட்டும். பெட்டியிலிருந்த தோலைத் தடவிப்பார்த்த ஒரு சிறுமி, "தும்பிக்கைங்கிறது இதுதானா சார்?" என்று கேட்டாளாம். யானையும் கமலையும் ஒரே நொடியில் அவளுக்குச் சேர்ந்துவிட்டன. அந்த ஆசிரியர் ஓய்வுபெறும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கி.ரா. 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பண்டிதர்கள் செய்யவேண்டியதைச் சம்சாரி ஒருவர் செய்தார். பள்ளிக்கூடத்துக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது: அகராதி என்பது வாங்கிவைக்கும் பொருள் மட்டுமில்லை, செய்யக்கூடிய பொருள். என் பணியின் கடைசி வருடங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தேன். விதி ஒன்றுதான். சொல்லைக் கதையில் பார்த்திருக்கவேண்டும், வீட்டிலோ தெருவிலோ யாரிடமாவது கேட்டிருக்கவேண்டும். இரண்டும் நடந்தால்தான் நோட்டில் ஏறலாம். ராஜபாளையத்துப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். விஜயநகர, நாயக்கர் காலங்களில் வந்து தங்கிய குடும்பங்கள். அவர்கள் நோட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பெயர் இருந்தது. முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு அதுவே கெத்தானது. அப்படி வந்த குடிகளில் ஒன்றில் பிறந்தவர்தான் 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி.எஸ். குமாரசாமி ராஜா. 

ஊர்ப்பெயரும் ஒரு கதைதான். ஸ்ரீவில்லிபுத்தூரை ஆண்டாளின் ஊர் என்று அறிவோம். அந்த ஊர்ப்பெயருக்கு வழங்கும் தலபுராணக் கதை ஒரு காடு திருத்திய கதை. மல்லி என்ற அரசிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு வேடுவ மக்கள். வேட்டைக்குப் போன கண்டனைப் புலி கொன்றது. தம்பியைத் தேடிக் களைத்துத் தூங்கிய வில்லியின் கனவில் பெருமாள் வந்து, இந்தக் காட்டை ஊராக்கு என்றாராம். தேவதானத்துக்கு வாருங்கள். கோயிலுக்கு இறையிலியாகக் கொடுத்த நிலம் தேவதானம். சோழன் அனுப்பிய நஞ்சு தோய்த்த ஆடையிலிருந்து பாண்டியனைக் காத்தாராம், அதனால் இங்குள்ள ஈசன் நச்சாடை தவிர்த்தருளியவர். நஞ்சு எப்படி நச்சு ஆனது? கரும்பு கருப்பு ஆனதுபோல, இரும்பு இருப்பு ஆனதுபோல, மருந்து மருத்துவம் ஆனதுபோல. இந்த இலக்கணத்தை நான் நடத்தியபோது தூங்கிய வகுப்பு, கோயில் வாசலில் நின்று சொன்னபோது விழித்துக்கொண்டது.

இனிமேல் சொல்வது சற்றுக் கசப்பானது. குடியேறியவர் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு சொல் ஒளிந்திருக்கும்: 'ஆளில்லாத'. ஆளில்லாத காடு, ஆளில்லாத வெளி. லாராவின் 'புல்வெளியில் சிறுவீடு' முதல் பதிப்பில், அந்தப் புல்வெளியில் மனிதர்களே இல்லை, செவ்விந்தியர்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அப்படியானால் செவ்விந்தியர் மனிதர் இல்லையா? ஒரு வாசகர் கடிதம் எழுதிக் கேட்டார். பதிப்பகத்தாருக்கு அதுவரை அது கண்ணிலேயே படவில்லை. 1953 பதிப்பில் 'மனிதர்' என்ற சொல்லை எடுத்துவிட்டுக் 'குடியேறியவர்' என்று போட்டார்கள். பதினெட்டு ஆண்டு எத்தனை ஆசிரியர்கள், எத்தனை பிள்ளைகள் அந்த வரியைச் சத்தம்போட்டு வாசித்திருப்பார்கள்! வாசிப்புத்திறன் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அது அந்த ஒரு வாசகருக்குத்தான் இருந்தது. கான்சாஸில் 1869 வாக்கில் லாராவின் அப்பா வீடு கட்டிய நிலம் ஓசேஜ் மக்களுடையது. அங்கே லாராவின் குடும்பம் பட்டா இல்லாத குடிதான்.

நம் பக்கத்துக்குத் திரும்புவோம். காட்டை அழித்து நாடாக்கிக் குளம் வெட்டியதைக் கரிகாலனின் புகழாகப் பட்டினப்பாலை பாடுகிறது. நானும் அப்படித்தான் நடத்தினேன். அந்தக் காட்டில் யார் இருந்தார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சாஸ்தா கோயில் அணைக்கு மேலே நம் கண்ணெதிரே நிற்கும் இதே மலைத்தொடரில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் செண்பகத்தோப்பில், பளியர்கள் இருக்கிறார்கள். தேனுக்கும் கிழங்குக்கும் மரத்துக்கும் அவர்களிடம் உள்ள சொற்கள் என் மாணவர் நோட்டு எதிலும் ஏறவில்லை. அதேபோல, உழுத நிலம் ஒருவருக்கும் உழுத கை இன்னொருவருக்கும் இருந்த கதையைக் கோபல்லத்துப் பூட்டி சொல்லமாட்டாள். அதற்குப் பூமணியின் 'பிறகு' நாவல் வேண்டும், சோ. தர்மனின் 'சூல்' நாவல் வேண்டும். கண்மாய் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர் உழைப்பு கிடக்கிறது என்று 'சூல்' படித்தால் தெரியும். ஒரு கதையோடு நிறுத்திவிட்டால் பிள்ளைக்கு ஒரு கண்தான் திறக்கும்.

வேலை உள்ள சொல்லிலிருந்து தொடங்கும் இந்த வழி புதிதில்லை. பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ பிரேய்ரே 1963இல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் 300 தொழிலாளிகளுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முனைந்தார். அவர் வகுப்புகளில் தொடக்கச்சொல்லாகப் பேர்பெற்றது 'செங்கல்'. அவர்கள் கையில் கிடந்த சொல். தொண்ணூறுகளில் நம் அறிவொளி இயக்கம் அந்த வழியில் நடந்தபோது 'பட்டா' போன்ற சொற்களோடு பெரியவர்கள் எழுத்துக்கு வந்தார்கள். இப்போது பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் கொடுக்கிறது. நல்ல காரியம். அந்த அளவிலேயே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு 'எங்க ஊரு வந்த கதை' வந்தால் நன்றாயிருக்கும். எழுத ஆள் தேடவேண்டாம், சொல்ல ஆள் இருக்கிறது.

அப்படி ஒருநாள் ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைத்திருந்தோம். வந்த வழி, வெட்டிய கிணறு, முதல் வெள்ளாமை எல்லாம் சொன்னார். முடிந்ததும் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, "நாம வர்றதுக்கு முன்னாடி இங்க யாரு பாட்டி இருந்தா?" என்று கேட்டது. பாட்டி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன் தாயி" என்று எழுந்துபோய்விட்டார்.

மறுநாள் அவராகவே வந்தார். பேசவில்லை. பிள்ளைகளைத் தம் புஞ்சைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரப்பின் மூலையில், உடைமரத்தடியில், எழுத்தோ உருவமோ இல்லாத ஒரு கல். "முதல் உழவுக்கு முன்னாடி இதுக்கு ஒரு தேங்கா ஒடைப்போம். எங்க மாமியாரும் ஒடைச்சா. யாருக்குன்னு நாங்க கேட்டதில்ல" என்றார்.

அந்தப் பிள்ளை அன்று மாலை நோட்டில் 'மூலைக்கல்' என்று எழுதியிருந்தது. பொருள் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தது. நான் சிவப்பு மையை எடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.