கூட்டு நூலக அமைப்பும் நூலகரின் பொறுப்பும்

(செகந்திராபாதில் கல்லூரி நூலகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செகந்திராபாதிலிருந்து தார்நாக்கா வழியாக உப்பல் செல்லும் பாதையை நீங்கள் நன்கு அறிவீர்கள். உஸ்மானியாப் பல்கலைக்கழகம், ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம், இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை அங்கே சில கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி நூலகம் உண்டு. அண்டை வீட்டாராக இருக்கும் நூலகங்கள் ஒரே ஆய்விதழுக்குத் தனித்தனியே சந்தா கட்டத்தான் வேண்டுமா? இக்கேள்வியிலிருந்து பிறந்ததே நூலகக் கூட்டுறவு.

நம் நாட்டில் 1988-ல் தில்லியில் டெல்நெட் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 1991-ல் தொடங்கிய இன்ஃப்ளிப்நெட் திட்டம், 1996-ல் தன்னாட்சி மையமாயிற்று. கூட்டுச் சந்தா அமைப்புகள் சில 2015-ல் இணைந்து இ-சோத்சிந்து உருவாயிற்று. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தை ஏற்றது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுமாக 6,300-க்கும் மேற்பட்டவை இதனால் பயன்பெறும் என அப்போது அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு பெருந்தொகையைச் செலவிடும் முடிவில் நூலகருக்கு இடம் வேண்டாமா? பதிப்பகங்கள் இதழ்களைக் கட்டுக்கட்டாக விற்கின்றன. அக்கட்டில் எந்த இதழ் படிக்கப்படுகிறது, எது தீண்டப்படாமல் கிடக்கிறது என்பதை அன்றாடம் காண்பவர் நூலகர். நூல்கள் பயன்பாட்டுக்கே என்று 1931-ல் விதி வகுத்த ரங்கநாதன் அவர்களின் வழிவந்தவர்கள், பயன்பாட்டுக் கணக்கோடு பேரம் பேசும் மேசைக்குச் செல்லுதல் இயல்பே.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலக் கல்லூரிகள் 1967-ல் நிறுவிய ஓ.சி.எல்.சி. என்னும் கூட்டமைப்பு நமக்கொரு பாடம். அது மாநில எல்லையைக் கடந்து வளர்ந்தபோது, 1978-ல் உறுப்பு நூலகங்களின் பேரவை ஏற்பட்டது. ஆட்சிக்குழுவுக்கு உறுப்பினர் சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அப்பேரவைக்குக் கிடைத்தது. நிதி, சட்டம், தொழில்நுட்பம் அறிந்தோரும் குழுவில் வேண்டியவர்களே. ஆயினும் பயன்படுத்துவோரின் குரல் அங்கே தயவால் அன்றி உரிமையால் ஒலித்தது.

உரிமையோடு பொறுப்பும் வரும். ஆட்சிக்குழுவில் அமரும் கல்லூரி நூலகர் தம் கல்லூரியின் தூதர் அல்லர். கூட்டமைப்பு முழுவதன் அறங்காவலர். தம் நூலகத்துக்கு ஆதாயம் தரும் முடிவு வரும்போது அதை வெளிப்படையாகக் கூறி, வாக்களிப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும். வரவுசெலவு அறிக்கையைப் படிக்கப் பழக வேண்டும். பெரிய பல்கலைக்கழகம் கேட்கும் விலையுயர்ந்த இதழுக்காக, மாவட்டக் கல்லூரி மாணவர் நாடும் எளிய இதழ் கைவிடப்படும் நேரத்தில் எழுந்து பேச வேண்டும். பதவிக்காலத்துக்கு வரம்பும், சிறு கல்லூரிகளுக்குச் சுழற்சி முறையில் இடமும் இருத்தல் நலம்.

மூன்றாண்டு முடிவில் எதைத் தொடர்வது, எதை விடுவது என்ற கேள்வி எழும். அன்று விடைசொல்ல இன்றே பயன்பாட்டுக் கணக்கை எழுதி வைப்போம். கணக்கோடு வரும் நூலகரின் சொல்லை எந்தக் குழுவும் எளிதில் புறந்தள்ள இயலாது.